நின்றது வண்டி, ஓய்ந்தானா மனிதன்?

நம் இல்லங்களில் விடியற்காலையில் கொதிக்கும் தேநீருக்கும், நண்பகலில் குழம்பில் வேகும் கேரட்டுக்கும் முட்டைக்கோசுக்கும் பின்னால் பலருடைய உழைப்பு நிற்கின்றது. பயிரிட்டவரை நாம் அறிவோம். கொழுந்து பறித்த கையை நம்மில் பலர் தம் தாயின் கையாகவே கண்டு வளர்ந்தவர்கள். ஆனால் தோட்டத்திற்கும் அடுக்களைக்கும் இடையே இரவெல்லாம் கண் விழித்திருந்த ஒருவரை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்தாம் லாரி ஓட்டுநர்.

நீலகிரி போன்ற மலைநாட்டில் அவரின்றி ஒரு நாளும் நகராது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோ மீட்டர் ஓடும் மலை இரயில் 1908 முதல் நமக்குப் பெருமை சேர்த்து வருகிறது. ஆயினும் இன்று அது பயணிகளையே சுமக்கின்றது. அரிசி, சமையல் எரிவாயு, சிமெண்டு, உரம் ஆகிய யாவும் சாலை வழியாகவே மேலேற வேண்டும். தேயிலையும் காய்கறியும் சாலை வழியாகவே கீழிறங்க வேண்டும்.

ஓட்டுநர் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. எந்த நேரத்தில் காட்டுச் சாலையில் வண்டி ஓடலாகாது என்பதற்கும் நம் பகுதியில் ஆணைகள் உண்டு. இரண்டும் நல்ல நோக்கத்தோடு பிறந்தவை. ஆயினும் இவற்றின் நடுவே வாழும் மனிதர் உண்மையில் ஓய்வு பெறுகின்றாரா? இக்கேள்வியையே இம்மாதம் நம் குடும்பங்களின் முன் வைக்க விரும்புகின்றோம்.

சட்டம் வகுத்த அளவு

1961ஆம் ஆண்டு நம் பாராளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்பதே அது வகுத்த பொது அளவு. நெடுந்தொலைவு வழிகளில் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு இந்த அளவைக் கூட்டலாம். அப்போதும் நாளுக்கு 10 மணி நேரத்தையும் வாரத்திற்கு 54 மணி நேரத்தையும் தாண்டலாகாது. தொடர்ச்சியாக 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்குதல் கூடாது. அதற்குள் அரைமணி நேரமேனும் இடைவேளை தருதல் வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குமுன் இடைவிடாத 9 மணி நேர ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும். மிகுதி நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் வேண்டும்.

இவற்றோடு நம்மிற் பலர் கேள்விப்படாத மற்றொரு விதியும் அச்சட்டத்தில் இடம் பெற்றது. தொழிலாளர் இரவில் தங்க நேரும் இடங்களில் அவர்களுக்கு ஓய்வறையோ அதற்கு ஈடான தங்குமிடமோ அமைத்துத் தருவது முதலாளியின் கடமை என்பதே அது. வண்டி நிற்பது வேறு, மனிதன் ஓய்வது வேறு என்பதை அன்றே சட்டம் செய்தோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவ்விதியே சான்றாகும்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91ஆம் பிரிவில், போக்குவரத்து வண்டியை இயக்கப் பணியமர்த்தப்படும் எவருக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வேலை நேரமே அளவு என்று கூறியது. பின்னர் 1961ஆம் ஆண்டுச் சட்டம் பிற தொழிலாளர் சட்டங்களோடு சேர்த்து 2020ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு ஒன்றில் அடக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நாளுக்கு 8 மணி நேரம் என்னும் அளவு அதிலும் நிற்கின்றது.

வலையில் விழுந்த ஓட்டைகள்

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, ஓட்டுநரின் கண்கள் ஏன் சிவந்திருக்கின்றன?

முதற்காரணம், சட்டம் எல்லோரையும் தொடவில்லை. 5 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கே 1961ஆம் ஆண்டுச் சட்டம் உரியதாயிருந்தது. புதிய தொகுப்பு அந்த எண்ணை 10 ஆக்கியுள்ளது. நம் நாட்டிலோ ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்போரே மிகப் பலர். பல வேளைகளில் உடைமையாளரே ஓட்டுநர். அங்கே வேலை நேரப் பதிவேடு ஏது? எப்போது வண்டியில் ஏறினார், எப்போது இறங்கினார் என்பதை அவருடைய முதுகுவலி மட்டுமே குறித்து வைத்திருக்கும்.

இரண்டாவது காரணம், கூலி கொடுக்கும் முறை. மணிக் கணக்கில் சட்டம் பேசுகின்றது. டிரிப் கணக்கில் கூலி பேசப்படுகின்றது. ஒரு நடைக்கு இவ்வளவு சம்பளம், இவ்வளவு பேட்டா என்று முடிவு செய்துவிட்டால், நடை எத்தனை மணி நேரம் இழுத்தாலும் தொகை மாறாது. வண்டி ஓடினால்தான் காசு, நின்றால் நட்டம். ஓய்வெடுப்பவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டே ஓய்வெடுக்கின்றார் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, காத்திருத்தல். முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரம் வேலை நேரமே என்றது 1961ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் முனையங்களில் வெறுமனே காத்து நிற்பதைப் பற்றிச் சொல்லும்போது, கால் மணிக்குக் குறைவான காத்திருப்பை மட்டுமே அது வெளிப்படையாகச் சேர்த்தது. சரக்கு ஏற்ற மூன்று மணி, இறக்க நான்கு மணி என்று வரிசையில் நிற்கும் ஓட்டுநரின் நேரம் யார் கணக்கு? அவர் வீட்டிலும் இல்லை, உறங்கவும் இல்லை, கூலியும் பெறவில்லை.

நான்காவது, துணை ஓட்டுநர். தேசிய பர்மிட் பெற்ற லாரிகளில் இரு ஓட்டுநர் இருக்க வேண்டும் என்றும், ஒருவர் ஓட்ட மற்றவர் கால் நீட்டி உறங்க இடம் வேண்டும் என்றும் முன்பு விதி இருந்தது. 2018ஆம் ஆண்டு அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. அது பல வண்டிகளில் ஏட்டளவிலேயே இருந்தது உண்மைதான். ஆயினும் ஏட்டில் இருந்தவரை உரிமை கேட்கவாவது வழியிருந்தது.

விளைவு என்ன? சேவ்லைஃப் அறக்கட்டளை நம் நாட்டின் 10 நகரங்களில் லாரி ஓட்டுநர்களிடம் நடத்தி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேர் களைப்போ தூக்கமோ வந்த பின்னரும் வண்டியை நிறுத்துவதில்லை என்று தெரிய வந்தது.

மலையில் ஓடும் கடிகாரங்கள்

நம் மலையில் சட்டத்தின் கடிகாரத்தோடு வேறு சில கடிகாரங்களும் ஓடுகின்றன. முதலாவது விளைபொருளின் கடிகாரம். பறித்த பச்சைக் கொழுந்து சாக்கில் அடைபட்டுக் கிடந்தால் வெப்பமேறிச் சிவந்து போகும். ஆகவே பறித்த அன்றே தொழிற்சாலை சேர வேண்டும். கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா ஆகிய இடங்களில் கேரட் அறுவடை நள்ளிரவுக்குப் பின்னரே தொடங்கிவிடும். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பிடுங்கி, இயந்திரத்தில் கழுவி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவர். மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலம் தொடங்குமுன் வண்டி அங்கே நிற்க வேண்டும். பிந்தினால் விலை சரியும். விலை சரிந்தால் பழி ஓட்டுநர்மேல் விழும்.

இரண்டாவது சுற்றுலாவின் கடிகாரம். கோடைப் பருவத்தில் மேலேறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பி விடுவது வழக்கம். கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு விதிப்பதும் உண்டு. விருந்தினர் உலாவும் பகற்பொழுதில் சரக்கு ஒதுங்கி நிற்க, இரவே அதன் பொழுதாகின்றது.

மூன்றாவது காட்டின் கடிகாரம். கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காடுகளின் ஊடே குண்டுலுப்பேட்டைக்கும் மைசூருக்கும் செல்லும் நெடுஞ்சாலையை நாம் அறிவோம். இரவில் விரையும் வண்டிகளில் அடிபட்டு வனவிலங்குகள் மடிந்து வந்தமையால், 2009ஆம் ஆண்டு கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம், பந்திப்பூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடை செய்தது. 2010ஆம் ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் அத்தடையை நிலைநிறுத்தியது. நோயாளர் ஊர்திகளுக்கும் சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. நம் எல்லைக்கு அண்மையிலுள்ள மற்றொரு காட்டுச் சாலையான சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையிலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அவ்வழியிலும், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி 10 முதல் இரவுத் தடை நடைமுறைக்கு வந்தது.

இத்தடைகளை நாம் குறை கூறவில்லை. வாயில்லாப் பிராணிகளும் இறைவனின் படைப்பே. யானைக்கும் மானுக்கும் இரவில் ஒரு சில மணி நேரமேனும் தம் காட்டில் அச்சமின்றி நடக்க உரிமை உண்டு. அன்றியும், இரவில் வண்டிகள் நிற்பது ஓட்டுநருக்கும் நன்மையாகவே அமையக் கூடும். எவ்வாறு என்பதை இனிப் பார்ப்போம்.

ஒன்பதும் ஒன்பதும்

காட்டுச் சாலை அடைபட்டிருக்கும் நேரம் இரவு 9 முதல் காலை 6 வரை, அதாவது 9 மணி நேரம். இரு நாள் வேலைக்கு நடுவே ஓட்டுநருக்கு இருக்க வேண்டும் என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன ஓய்வும் அதே 9 மணி நேரம். கணக்கில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன! காட்டைக் காக்க மூடிய கதவே மனிதனையும் உறங்க வைக்கும் கதவாக அமைந்திருக்கலாம் அன்றோ?

நடப்பு அவ்வாறில்லை. கூடலூர்ப் பக்கத்து ஓட்டுநர் ஒருவரிடம் நாம் இதைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். நாற்பது வயதைக் கடந்தவர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தேயிலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மைசூர்ப் பக்கம் செல்பவர். பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டியைக் கொண்டு நிறுத்தினால், மூட்டை ஏற்றி முடிய மாலை ஏழு ஏழரை ஆகிவிடும் நாட்கள் உண்டாம். அதன்பின் தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, சீட்டு வாங்கிப் புறப்பட்டால், தொரப்பள்ளிச் சோதனைச் சாவடியைச் சேர்வதற்கும் கதவு மூடுவதற்கும் சரியாயிருக்கும். சில நாள் தாண்டிவிடுவார். சில நாள் அகப்பட்டுக் கொள்வார்.

"அதுவும் நல்லதுதானே தம்பி, ஒன்பது மணி நேரம் உறங்கலாமே?" என்று கேட்டோம்.

அவர் சிரித்தார். "வண்டி தூங்குதுங்க சாமி. நான் எங்கே தூங்குறது?" என்றார்.

பிறகு விளக்கினார். ஓரத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் அவருடையதும் ஒன்று. கேபினில் காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். மழைக்காலமானால் ஈரமும் குளிரும். கயிறு தளர்ந்து தார்ப்பாய்க்குள் மழை இறங்குகிறதா என்று எழுந்து பார்க்க வேண்டும். டீசலை எவரேனும் உறிஞ்சி விடுவார்களோ என்ற அச்சம் வேறு. இயற்கை உபாதைக்கு ஒதுங்க நல்ல இடமில்லை. இருட்டில் ஒதுங்கினால் யானை நிற்குமோ என்ற பயம். நான்கு மணிக்கே பக்கத்து வண்டிகள் எஞ்சினைக் கிளப்பத் தொடங்கிவிடும். ஆறு மணிக்குக் கதவு திறந்தவுடன் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு, இழந்த இரவை ஈடுகட்ட விரைவார்கள். மைசூரில் சரக்கு இறக்க மீண்டும் வரிசை. அன்று இரவு 9 மணிக்குள் திரும்பவும் காட்டைத் தாண்டினால்தான் மறுநாள் அடுத்த லோடு.

"அந்த ராத்திரிக்குக் கூலி உண்டா?" என்றோம். "நின்ன வண்டிக்கு யாருங்க கூலி கொடுப்பாங்க?" என்றார்.

கதவை முந்துவதற்காக எட்டரை மணிக்குக் காட்டில் எடுக்கும் வேகம், தடை எதற்காக வந்ததோ அந்த விலங்கிற்கே கேடாக முடியலாம். வயநாட்டுப் பக்கத்து வண்டிகளுக்கு மானந்தவாடி, குட்டா, கோணிகொப்பல், ஹுன்சூர் வழியாக மாற்றுச் சாலை ஒன்று உண்டு. ஆனால் சுற்று வழிக்கு வேண்டிய டீசலையும் நேரத்தையும் யார் தருவது?

ஆக, 9 மணி நேரம் சக்கரம் நின்றது உண்மை. மனிதன் ஓய்ந்தது பொய். கட்டுப்பாடு வண்டியை மட்டும் நிறுத்தி, படுக்கையையும் கூலியையும் ஓட்டுநரின் தலையிலேயே விட்டுவிடுமாயின், அது ஓய்வாகாது. வெறும் தாமதமே ஆகும். தாமதம் விரைவைப் பிறப்பிக்கும். விரைவு விபத்தைப் பிறப்பிக்கும்.

உறக்கமின்மை ஒரு போதை

மது அருந்தி வண்டி ஓட்டுவது பாவம் என்றும் குற்றம் என்றும் எவரும் ஒப்புவர். உறக்கமின்றி ஓட்டுவதை மட்டும் நாம் உழைப்பின் பெருமையாகக் கொள்கின்றோம். "மூணு ராத்திரி தூங்காம ஓட்டியிருக்கேன்" என்பது வீரப் பேச்சாகிவிட்டது.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைக்கத் தக்கது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை கண் ஒருங்கிணைப்பு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயம் கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்றும், 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லி கிராம் கலந்த நிலையை ஒக்கும் என்றும் அவர்கள் கண்டனர். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் எல்லையோ 30 மில்லி கிராம்தான். காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு ஸ்டியரிங் பிடித்தால், ஒரு துளியும் குடியாமலே அவர் அந்த எல்லையைக் கடந்தவராவார். காவலர் ஊதச் சொல்லும் கருவியோ அதைக் காட்டாது.

சமவெளியில் ஒரு நொடி கண் அயர்ந்தால் வண்டி சாலையை விட்டு இறங்கலாம். மலையில் அது பள்ளத்தில் இறங்கும். குன்னூர் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. சரக்கோடு இறங்கும்போது தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடியிலேயே வண்டியை வைத்திருக்க வேண்டும். பிரேக்கையே நம்பி மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடி தளரும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது சாவை அழைப்பதாகும். ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி. இறங்குபவர் முன்கூட்டியே அதைக் கண்டு ஒதுங்க வேண்டும். இவையனைத்தும் விழிப்பான மூளையின் வேலை. களைத்த மூளை முதலில் இழப்பது இந்த முன்யோசனையையே.

ஓட்டுநர் கட்டுப்பாட்டை வெறுப்பது ஏன்?

"நேரக் கட்டுப்பாடே வேண்டாம், எங்களை விட்டுவிடுங்கள்" என்று ஓட்டுநர்களே சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். அவர்களை அறிவிலிகள் எனத் தள்ளிவிடலாகாது. மாதத்தில் எட்டு நடை ஓடினால்தான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் தேறும் என்றிருப்பவரிடம் ஆறு நடை மட்டும் ஓடு என்று சொல்லும் விதி, அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றாது, பட்டினியாகவே தோன்றும். வண்டி உடைமையாளரும் கல்நெஞ்சர் அல்லர். மாதத் தவணை, காப்பீடு, சுங்கக் கட்டணம், டயர், டீசல் என்று அவரையும் துரத்துவோர் பலர். வியாபாரிக்கும் அவருடைய கடிகாரம் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரை அவசரப்படுத்த, அவசரப்படுத்த வேறு ஆளில்லாத கடைசி மனிதர் தம் உறக்கத்தையே வெட்டுகின்றார்.

பிற நாடுகளிலும் இதே வழக்கு நடக்கின்றது. பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1979ஆம் ஆண்டு நிறைவேற்றிய 153ஆம் உடன்படிக்கை, நாளுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் ஓட்டுதல் கூடாது, தொடர்ந்து 4 மணி நேரத்திற்கு மேல் இடைவேளையின்றி ஓட்டுதல் கூடாது, நாள்தோறும் 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. நம் நாடு அதனை ஏற்று உறுதி செய்யவில்லை. அமெரிக்காவில் 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரமே ஓட்டலாம். அதைக் கண்காணிக்க 2017ஆம் ஆண்டு இறுதியிலிருந்து வண்டிக்குள்ளேயே மின்னணுக் கருவி கட்டாயமாயிற்று. அங்கும் பல ஓட்டுநர்களுக்கு மைல் கணக்கில்தான் கூலி. கிடங்கில் சரக்கு ஏற்றக் காத்து நிற்கும் நேரம் அந்த 14 மணியைத் தின்றுவிடுகிறது என்பதே அவர்களின் பெருங்குறை. நம் கூடலூர் ஓட்டுநர் சொன்னதற்கும் இதற்கும் வேற்றுமை மொழி ஒன்றே.

ஐரோப்பிய நாடுகள் ஒரு படி முன்னே சென்றன. நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை என்ற விதியோடு அவை நிற்கவில்லை. முழு வார ஓய்வை ஓட்டுநர் வண்டிக்குள் கழிக்கலாகாது. தக்க தங்குமிடத்தில் கழிக்க வேண்டும். அதன் செலவு முதலாளியுடையது என்று 2020ஆம் ஆண்டு சட்டமாக்கின. ஓய்வுக்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை ஓய்வெடுப்பவர் தலையில் கட்டலாகாது என்னும் நீதி இதில் அடங்கியுள்ளது. நம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓய்வறை விதியும் இதே நீதியைத்தான் சொன்னது.

நம் நாட்டிலும் சில நல்ல அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் குளிர்சாதனம் கட்டாயமாகியுள்ளது. எண்ணெய் நிறுவனங்களின் எரிபொருள் நிலையங்களில் 'அப்னா கர்' என்னும் பெயரில் ஓட்டுநர் தங்குமிடங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. இவை காட்டுச் சாலைக் கதவுகளின் ஓரத்திற்கும் வருமானால் அந்த 9 மணி நேரம் உண்மையான ஓய்வாக மாறும்.

ஓய்வு ஒரு கட்டளை

ஓய்வு என்பது வசதியுள்ளோர் பெறும் சலுகை என்று நாம் கருதலாகாது. பத்துக் கட்டளைகளில் அதற்கு இடம் உண்டு. இணைச்சட்ட நூலில் ஓய்வு நாளைப் பற்றிய கட்டளையை நோக்குவோர் ஒன்றைக் கவனிப்பர். வீட்டுத் தலைவனுக்கு ஓய்வெடுக்கச் சொல்வதோடு அது முடிந்துவிடவில்லை. அவனுடைய பணியாளரும், மாடும் கழுதையும், அவனிடம் வந்து தங்கிய அந்நியரும் ஓய்வு பெற வேண்டும் என்று அது விரிகின்றது. ஆக, நான் ஓய்ந்தேனா என்பது பாதிக் கேள்வியே. என் பொருட்டு உழைப்பவர் ஓய்ந்தாரா என்பதே மறுபாதி. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டு தொழிலாளர் நிலை குறித்து விடுத்த சுற்றுமடலும், உழைப்பாளியின் வலிமை மீளும் அளவுக்கு ஓய்வு தரப்பட வேண்டும் என்பதை வேலை ஒப்பந்தத்தின் நிபந்தனையாகவே வலியுறுத்தியது. 2007ஆம் ஆண்டு உரோமையிலிருந்து சாலைப் பயணிகளின் ஆன்மப் பணி குறித்து வெளியான வழிகாட்டி நூல், ஓட்டுநர்க்கான பத்துக் கட்டளைகளைத் தொகுத்தபோது கொலை செய்யாதே என்பதையே முதலில் வைத்தது. அக்கட்டளை ஓட்டுநருக்கு மட்டுமா? உறங்காதவரை ஓட்ட ஏவுபவருக்கும் அன்றோ?

நம்மால் ஆவது என்ன?

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லாதிருக்கலாம். ஆயினும் நம் பங்குகளில் லாரி உடைமையாளர் இருக்கின்றனர். மண்டி வியாபாரிகள் இருக்கின்றனர். தொழிற்சாலை மேலாளர்கள் இருக்கின்றனர். அவர்களிடம் மூன்றே வேண்டுகோள்.

சரக்கு ஏற்றும் நேரத்தை முன்கூட்டியே குறித்துச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு வரச் சொல்லி ஏழு மணிக்கு அனுப்பாதீர்கள். பிற்பகல் நான்கு மணிக்குப் புறப்பட்ட வண்டி கதவை முந்த விரைய வேண்டியதில்லை. அடுத்து, காத்திருக்கும் மணிகளுக்கும் நிறுத்தப்பட்ட இரவுக்கும் ஒரு படி கொடுங்கள்; அது தருமம் அன்று, கூலியே. மூன்றாவதாக, வாடகை பேசும்போதே ஓட்டுநர் தங்கும் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். கிலோவுக்கு எவ்வளவு சிறிய தொகை கூடும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் உயிரின் பாதுகாப்புக்கு அது மிகையாகாது.

நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் நமக்குச் சமூகக் கூடங்கள் உண்டு. வாரத்தில் சில இரவுகளேனும் ஒரு விளக்கும், சுத்தமான கழிப்பறையும், கால் நீட்டிப் படுக்கப் பாயும் ஓட்டுநர்க்குக் கிடைக்குமாறு பங்குப் பேரவைகள் எண்ணிப் பார்க்கலாம். சமயம் கேட்டுக் கதவு திறப்பது நம் வழக்கமன்று. ஆலயத் திருவிழாவுக்குப் பந்தல் சாமான்களை இரவோடு இரவாகக் கொண்டுவரச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம்.

ஓட்டுநர் இல்லத் தாய்மாருக்கும் ஒரு சொல். இரவு ஓடி வந்தவர் பகலில் உறங்கும்போது அந்த உறக்கத்தைக் காவல் காருங்கள். தொலைக்காட்சியின் ஓசையைக் குறைப்பதும், வந்த விருந்தினரைத் திண்ணையில் இருத்துவதும், வீட்டுக் கணக்கை மாலைக்கு ஒத்திவைப்பதும் பெரிய தொண்டுகளாகும். அவர் மலையிறங்கும் நேரத்தில் செல்பேசியில் அழைக்காதீர்கள். நிறுத்தியபின் அவரே அழைக்கட்டும். "எப்போது வருகிறாய்?" என்று கேட்பதற்கு முன் "தூங்கினாயா?" என்று கேட்கும் வீடு, அவரை விரட்டாத வீடாகும்.

ஓட்டுநர் சகோதரரே, உமக்கும் உம் வேலை நேரத்தைக் குறித்து வைக்கும் பழக்கம் வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும்: ஏறிய நேரம், காத்த நேரம், ஓட்டிய நேரம், உறங்கிய நேரம். உரிமை கேட்கும் நாளில் அதுவே உம் சாட்சி. கொட்டாவி தொடர்ந்து வந்து, கடந்த வளைவு நினைவில் இல்லையானால், அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடும். தேநீர் உறக்கத்தைச் சற்றுத் தள்ளிப் போடுமேயன்றித் தீர்க்காது. அரைமணி நேரம் பிந்திய சரக்குக்கு விலை குறையலாம். அது மீண்டும் ஏறும்.

நாளைக் காலையும் நம் இல்லங்களில் தேநீர் கொதிக்கும். அந்தத் தேயிலையைச் சுமந்து வந்தவர் முந்தைய இரவு எங்கே படுத்தார், எத்தனை மணி நேரம் கண் மூடினார், அதற்கான செலவை யார் ஏற்றார் என்று நம் மண்டியிலும், தொழிற்சாலையிலும், பங்குக் கூட்டத்திலும் கேட்கத் தொடங்குவோம். பலரும் கேட்கத் தொடங்கினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லியே தீர வேண்டும்.